கொச்சிக்கடைக்குப் போன அத்தானும் சுங்கை சிப்புட்டில் இருந்த நானும்

போன மாதம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெண்ணின் அண்ணன் வெளிநாட்டில் திடீரென்று இறந்துபோனார். அந்தப் பெண் ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கேட்டைத் தட்டி, "அக்கா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு சொன்னாங்க, முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டது. இரண்டு மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னேன். அது போன பிறகுதான் 2019-ல் கொழும்புக் குண்டுவெடிப்பு நடந்தபோது எனக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லையே என்று நினைத்து அழுதேன். அதனால் எழுதி வைக்கிறேன். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் அலுவலகக் கிராணி. எழுத்து எனக்குப் பழக்கம் இல்லை, முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நாலு வருஷம் வேலை செய்தவர், அங்கேதான் பழக்கம். அவர் கத்தோலிக்கர், நாங்கள் மாரியம்மன் கோயில் குடும்பம், முதலில் கொஞ்சம் சண்டை இருந்தது, அப்புறம் அம்மாவே மருமகனுக்கு நண்டு வாங்கிச் சமைத்துப் போட ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனார். புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை, கூடவே அவருடைய அம்மா. ஒரு பையன், அப்போது நாலு வயது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. நம்ம நேரம் காலை 10:40-க்கு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்: "தம்பிக்குக் காய்ச்சல், நான் வீட்டில். அவரும் அத்தையும் கொச்சிக்கடைக்குப் போறாங்க." தம்பி என்று அவள் சொல்வது பையனை. நான் ஒரு பூ படத்தைப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். இலங்கை நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே காலை எட்டே முக்கால் வாக்கில் கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்தபோது இங்கே பதினொன்றேகால். அந்த நிமிஷம் நான் பின் வாசலில் துணி காய வைத்துக்கொண்டிருந்தேன். இதை எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டரைக்கு அலுவலகத் தோழி செய்தி அனுப்பினாள், கொழும்பில் சர்ச்சில் குண்டு என்று. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. அக்காவுக்கு அழைத்தால் போகவில்லை. மெசேஜ் போட்டால் ஒற்றை டிக். ஐம்பது மெசேஜ் போட்டிருப்பேன், எல்லாம் ஒற்றை டிக். அன்றைக்கு இலங்கை அரசாங்கம் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் முடக்கியிருந்தது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 30-ல்தான் திறந்தார்கள். எனக்கு அது தெரியாது. ஒற்றை டிக் என்றால் அவளும் கோயிலுக்குப் போய்விட்டாள், போன் நொறுங்கிவிட்டது என்றுதான் மனம் போனது.

இங்கே நான் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன். என்னிடம் அக்காவின் வாட்ஸ்அப் எண்ணைத் தவிர அந்த நாட்டில் வேறு ஒரு எண்ணும் இல்லை. அத்தான் வேலை செய்த கடை எண் இல்லை, பக்கத்து வீடு இல்லை, கோயில் அலுவலகம் இல்லை. எட்டு வருஷ உறவு, ஒரே ஒரு எண். கடைசியில் எப்படிப் பிடித்தேன் என்றால், சாமி மேடைக்குக் கீழே பிஸ்கட் டின்னில் அக்காவின் கல்யாணப் பத்திரிகை இருந்தது. மஞ்சள் தடவிய ஓரம் பழுத்துப்போய், நடுவில் மடிப்பு கிழிந்திருந்தது. அதில் மாப்பிள்ளை வீட்டு விலாசத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வீட்டுத் தொலைபேசி எண். அது வேலை செய்தது. ஆனால் அதைத் தேடவேண்டும் என்று தோன்றியபோது மாலை ஏழு மணி. வெளிநாட்டில் உங்கள் ஆள் யாராவது இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே ஒரு நோட்டில் நாலு எண் எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டுத் தொலைபேசி, வேலையிடம், பக்கத்து வீடு, அவர்கள் போகும் கோயில். போனுக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

பன்னிரண்டரைக்கும் ஏழுக்கும் நடுவில் நடந்தது எனக்கு இன்றைக்கும் ஆறாதது. அத்தானின் படத்தைப் போட்டு, பெயர் போட்டு, "இவரைப் பற்றித் தெரிந்தால் அழைக்கவும்" என்று என் எண்ணையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டேன். நல்லெண்ணத்தில் நூற்றுக்கணக்கான பேர் பகிர்ந்தார்கள். நாலு மணிக்கு ஒருவர் அழைத்தார், நல்ல தமிழ், பின்னால் கூட்டச் சத்தம். "உங்க அத்தான் உயிரோட இருக்கார், தீவிர சிகிச்சையில இருக்கார், ரத்தம் வாங்கணும், ஊசி மருந்து வெளியில வாங்கணும், இங்க பணம் எடுக்க முடியல, என் கூட்டாளியோட மலேசியக் கணக்குல போடுங்க." 1,800 வெள்ளி, அதாவது ரிங்கிட். யோசிக்கவே இல்லை, போட்டேன். அதைவிடக் கொடுமை, அம்மாவிடம் ஓடிப்போய் "அத்தான் உயிரோட இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா சூடம் ஏற்றினார். கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தார். அப்புறம் அந்த எண் அணைந்துவிட்டது. மறுநாள் போலீசில் புகார் கொடுத்தேன், பணம் வரவில்லை. 1,800 வெள்ளிக்காக நான் அழவில்லை. அம்மாவுக்கு இரண்டு முறை மருமகனைச் சாகக் கொடுக்க வைத்தேனே, அதற்குத்தான் அழுதேன்.

ஆகவே சொல்கிறேன்: காணாமல் போனவர் படத்தோடு உங்கள் சொந்த எண்ணைப் போடாதீர்கள். யாராவது "கண்டேன்" என்று அழைத்தால், குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், எந்தக் கையில் தழும்பு, வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று. இலங்கையில் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். இது தெரிந்திருந்தால் அவன் பேச்சை அந்த இடத்திலேயே சந்தேகித்திருப்பேன். இன்னொன்று, உறுதியாகத் தெரிகிறவரை வீட்டுப் பெரியவர்களிடம் நல்ல செய்தியும் சொல்லவேண்டாம், கெட்ட செய்தியும் சொல்லவேண்டாம். "இன்னும் தெரியலை" என்று சொல்வதற்கும் தைரியம் வேண்டும், ஆனால் அதுதான் சரி.

ஏழு மணிக்கு அந்த வீட்டு எண்ணில் அக்கா குரல் கேட்டது. "அவரு இன்னும் வரல" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அங்கே மாலை ஆறு மணியிலிருந்து ஊரடங்கு வரப்போகிறது, அத்தானின் தம்பி மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார் என்றாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்கள் பாட்டிதான் போனை வாங்கினார். 1948-ல் எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டபோது, அதனால் அவசரகாலம் போட்டபோது, பாட்டி தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பத்து வயதுப் பிள்ளை. ஊரடங்கு என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "அரிசி இருக்கா? பிள்ளைக்குப் பால்மாவு இருக்கா? காய்ச்சல் மருந்து இருக்கா? தண்ணி பிடிச்சு வச்சுக்கோ. வாசல்ல நிக்காதே" என்று வரிசையாகக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னாள். அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அன்றைக்கு அவளிடம் பேசியவர்களில் பாட்டி ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார்.

திங்கட்கிழமை உறுதியானது. சவக்கிடங்கில் ஒரு கணினித் திரையில் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்களாம். அத்தானின் தம்பி பெல்ட்டையும் கழுத்திலிருந்த உத்தரியத்தையும் (கத்தோலிக்கர் போடும் துணிமாலை) வைத்துத்தான் அண்ணனை அடையாளம் சொன்னார். அவர் அம்மாவை முகத்தாலேயே தெரிந்ததாம். அந்தப் பையனுக்கு 26 வயது. அவர் ஒருவராக அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கக் கூடாது. அக்காவைப் போக விடாதது சரி. ஆனால் அந்தப் பையனோடு இன்னொரு ஆள் போயிருக்க வேண்டும், இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் போவது என்று முடிவு. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், அப்பா இல்லை. கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு மூன்றரை மணி நேரம்தான் பறக்கவேண்டும், ஆனால் கடைசி நிமிஷ டிக்கெட் 1,640 வெள்ளி. விசாவுக்கு அவசரத்தில் தேடி முதலில் வந்த பக்கத்தில் போட்டேன், அது அரசாங்கப் பக்கமே இல்லை, ஒரு தரகர் பக்கம். 35 டாலர் ஆகவேண்டியதற்கு 90 டாலர் போனது. அவசரத்தில் இருக்கிறவர்களை வைத்துப் பிழைக்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், அதனால் அரசாங்க முகவரியைத் தூதரகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். டிக்கெட்டையும் விசாவையும் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் கொழும்பில் இரவு ஊரடங்கு. கடவுச்சீட்டும் விமான டிக்கெட்டும் கையில் இருந்தால்தான் சோதனைச் சாவடியில் விட்டார்கள். என் போன் சார்ஜ் இறங்கிவிட்டது, காகிதம்தான் என்னை வீட்டில் சேர்த்தது.

கிளம்பும்போது நடந்ததையும் சொல்லவேண்டும். எங்கள் பசார் பக்கம் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் பாய், அத்தானுக்கு நல்ல பழக்கம், ஊருக்கு வந்தால் அங்கேதான் தேத்தண்ணி. அவர் திங்கட்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். இருபது வருஷமாக நேராகச் சமையலறை வரைக்கும் வருகிற மனுஷர். உள்ளேயிருந்து எங்கள் சித்தப்பா ஏதோ கத்தினார், கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னார். அம்மா எழுந்து போய்ப் பாயின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என்னைக் காரில் விமான நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "தங்கச்சிகிட்ட நான் துவா செய்றேன்னு சொல்லும்மா" என்றார். குண்டு வைத்தவர்களின் மதத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரை வெறுக்கச் சொல்லி அந்த வாரம் எனக்கு வந்த மெசேஜ்கள் கொஞ்சமல்ல. எல்லாவற்றையும் அழித்தேன். சித்தப்பாவிடம் ஆறு மாதம் பேசவில்லை.

ஏப்ரல் 24, புதன்கிழமை மாதம்பிட்டி மயானத்தில் இரண்டு பெட்டியும் அடக்கம். இரண்டும் மூடின பெட்டி. நான் அத்தான் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அம்மா அழைத்தார், குரலில் ஒரு படபடப்பு. அதுவரை 359 பேர் இறந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த சுகாதார அமைச்சு, உடல்கள் சிதைந்து போனதால் எண்ணிக்கை தப்பாகிவிட்டது, 253 பேர்தான் என்று அன்றைக்குத் திருத்தியது. அம்மா டிவியில் பார்த்திருக்கிறார். "நூறு பேரு சாகலையாமே. நீங்க நல்லா பாத்தீங்களா? பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்தால், ஒருவராவது முகத்தையோ கையையோ பார்த்துவிடுங்கள் என்று சொல்வேன். பார்க்க முடியாத நிலை என்றால் அடையாளம் சொன்னவர் மூலமாக, எதை வைத்து உறுதி செய்தார் என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் விளக்கமாகச் சொல்லவையுங்கள். இல்லையென்றால் அந்தச் சந்தேகம் வருஷக்கணக்கில் கதவோரம் நிற்கும். அம்மா இரண்டு வருஷம் வரைக்கும் அதைக் கேட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 28, அடுத்த ஞாயிறு. பாதுகாப்புக்காகக் கோயில்களில் பூசை நிறுத்தியிருந்தார்கள், கர்தினால் மால்கம் ரஞ்சித் தொலைக்காட்சியில் திருப்பலி நடத்தினார். அக்கா வீட்டு ஒழுங்கையில் மூன்று வீட்டில் சாவு, வெள்ளைத் துணிக் கொடிகள் தெரு நீளத்துக்குக் கட்டியிருந்தன. டிவி பெரிதாக இருந்த ஒரு வீட்டில் எல்லாரும் கூடினோம், இருபது பேர் இருக்கும், பாதிப்பேர் தரையில். பூசை முடிந்தது, டிவியை அணைத்தார்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை. வெயில் ஏற ஏற மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது ஒரு வயதான அம்மா, பேத்தியைப் பறிகொடுத்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "ஒங்க ஆளுக எந்தப் பக்க வாங்குல இருந்தாங்க?" வாங்கு என்றால் கோயிலில் உட்காரும் நீள பெஞ்சு. அந்த ஒரு கேள்விதான். அதிலிருந்து எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் தாமதமாக வந்து நின்றுகொண்டிருந்தார்கள், எந்தத் தூண், எந்தக் கதவு. ஒருவர் தீப்பெட்டிக் குச்சிகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். கை நடுங்கக் குச்சியை எடுத்து எடுத்து வைத்தார். "இது நான். இது என் மனுசி."

எனக்கு முதலில் கோபம் வந்தது, இதை எதற்குத் தோண்டுகிறார்கள் என்று. அக்காவை எழுப்பிக் கூட்டிப்போய்விடலாம் என்று கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்போது காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு அக்கா அவளைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒங்க மாமியாருக்கு மூணு வாங்கு பின்னால. அவங்க பாட்டுத்தாளால விசிறிக்கிட்டே இருந்தாங்க. ஒங்க வீட்டுக்காரர் தாளை வாங்கி அவங்களுக்கு விசிறிவிட்டார். அது எனக்கு நல்லா ஞாபகம்." அக்கா அந்த வாரத்தில் முதல் முறையாக அப்போதுதான் அழுதாள். அதுவரை அவளிடம் இருந்தது ஒரு மூடின பெட்டி மட்டும். இப்போது அவர் அம்மாவுக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தார் என்ற ஒன்று இருக்கிறது. அங்கே இருந்த ஒவ்வொருவரிடமும் இன்னொருவருடைய ஆளின் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு துண்டு இருந்தது. அதைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். "கடவுள் சித்தம்" என்று யாரும் சொல்லவில்லை. அத்தானின் தம்பி மூலையில் நின்றுகொண்டிருந்தார், அன்றைக்குத்தான் அந்தத் திரையைப் பற்றி வாய் திறந்தார். எத்தனை முகம் பார்த்தேன் என்று எண்ணிச் சொன்னார். ஒரு பெரியவர் எழுந்து போய் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். அந்தக் கையை ஒரு வாரத்துக்கு முன்னால் சவக்கிடங்கில் யாராவது போட்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக எங்கள் ஊர். நான் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தேன், சம்பளமில்லா விடுப்பில் 2,100 வெள்ளி போனது. வந்தவுடன் பார்க்க வந்தவர்கள் கேட்டது என்ன தெரியுமா? "வீடியோ இருக்கா?" கண்காணிப்பு கேமராவில் பதிவானது என்று சொல்லி ஒரு காட்சி சுற்றிக்கொண்டிருந்தது, அதை என் போனுக்கே அனுப்பினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்ன பேசுவது என்று தெரியாதவர்கள். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படம், வீடியோ எதுவும் கேட்காதீர்கள், அனுப்பாதீர்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். பாய் ஒருநாள் சொன்னார், அத்தான் தேத்தண்ணியில் சீனி குறைவாகக் கேட்டுவிட்டு அப்புறம் தானே இரண்டு கரண்டி போட்டுக்கொள்வார் என்று. அதை நான் அக்காவுக்கு அப்படியே எழுதி அனுப்பினேன்.

தாள் வேலைகள். அடையாளம் உறுதி செய்த கடிதம், மரணச் சான்றிதழ், கிராம சேவகர் உறுதி, பிரதேச செயலகம் என்று நடை. இறந்தவர் குடும்பத்துக்கு பத்து லட்சம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது, அப்போதைய கணக்கில் நம்ம காசு ஏறக்குறைய 23,500 வெள்ளி. ஆனால் கல்யாணச் சான்றிதழில் அத்தான் பெயரில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக அக்கா ஐந்து முறை அலைந்தாள், கடைசியில் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துத்தான் சரியானது. உங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். காப்புறுதி இருந்தது, விபத்து இணைப்போடு. ஆனால் பயங்கரவாதத்தால் நேரும் மரணத்துக்கு விபத்துத் தொகை கிடையாது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம், அடிப்படைத் தொகை மட்டும் வந்தது. மரணச் சான்றிதழைக் குறைந்தது ஆறு பிரதி எடுத்து வெளிவிவகார அமைச்சில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டுதான் எடுத்தோம், இங்கே வந்த பிறகு மறுபடி அத்தானின் தம்பியை அலைய வைத்தோம்.

அக்கா அந்த ஆகஸ்டில் பையனோடு இங்கே வந்தாள். இதில் நாங்கள் எதிர்பார்க்காத அடி. அக்கா மலேசியப் பிரஜை, ஆனால் பையன் வெளிநாட்டில் பிறந்தவன், அப்பா வெளிநாட்டவர். நம்ம சட்டத்தில் மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் கிடைத்த உரிமை, மலேசியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு அப்போது தானாகக் கிடைக்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்து வந்த பிள்ளை, தாய் பிறந்த ஊரில் தங்குவதற்கான பாஸ் புதுப்பித்துப் புதுப்பித்து இருந்தான். காய்ச்சல் என்று அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் வெளிநாட்டவர் கட்டணம். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சாதகமாகச் சொன்னபோது அக்கா பாயசம் வைத்தாள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவையில் திருத்தம் நிறைவேறியது, ஆனால் ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. இவன் மாதிரிப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பின் 15(2) பிரிவில் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பதுதான் வழி. வெளிநாட்டில் கல்யாணம் செய்த பெண்கள், பிள்ளை பிறந்தவுடனே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அக்காவைப் பார்த்துக்கொண்டோம், நான் ஓடியாடி வேலை பார்க்கிறவள், எனக்கு என்ன என்று இருந்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊர் அடங்கியபோது, அந்த அமைதியில் எனக்கு உடம்பு விட்டுப்போனது. துணி காய வைக்கப் பின் வாசலுக்குப் போனால் நெஞ்சு அடைக்கும், வேர்க்கும். இதய நோய் என்று நினைத்துத் தனியார் கிளினிக்கில் ஸ்கேன் அது இது என்று 900 வெள்ளி. அம்மா ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார், அதற்கு 300. கடைசியில் ஒரு வெள்ளி கொடுத்துப் பார்க்கிற அரசாங்கக் கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர்தான் என்னைப் பேசவிட்டு முழுசாகக் கேட்டுவிட்டு, ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு மனநல நிபுணரிடம் எழுதிக்கொடுத்தார். அங்கே ஐந்து வெள்ளி. மனநலம் என்ற வார்த்தைக்குப் பயந்து நான் ஒரு வருஷத்தையும் 1,200 வெள்ளியையும் வீணாக்கினேன். ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரண்டர்ஸ் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், நான் இரண்டு முறை அழைத்திருக்கிறேன், அவர்கள் அறிவுரை சொல்லமாட்டார்கள், கேட்பார்கள்.

கோபமும் வரும், அது போகாது, அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போயிருந்தது. 2023 ஜனவரி 12-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், தடுக்கத் தவறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, அதிகாரிகளுக்கும் தனித்தனியாகத் தொகை போட்டது. நியாயம் கிடைத்தது என்று எல்லாரும் எங்களுக்கு மெசேஜ் அனுப்பினார்கள். அக்கா அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "பதினேழு நாளு, பதினேழு நாளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அப்போது அவளிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாள் பையன் பள்ளிக்கூடத்து நோட்டை எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அம்மா, அப்பா கோயில்ல எங்க உக்காந்திருந்தாரு?" என்று கேட்டான். பத்து வயதாகிறது, இதுவரை கேட்டதில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் அந்த நோட்டை எடுத்தாள், நாலு எண் எழுதி வைத்த நோட்டு, அதில் ஐந்தாவதாகக் காலில் கட்டுப் போட்டிருந்த அந்த அக்காவின் வீட்டு எண் இருக்கிறது. அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரித்த பிறகு, "தம்பி கேக்கிறான், நீங்களே சொல்லுங்க" என்றாள். அந்த அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எடது பக்கம் ராசா, எனக்கு மூணு வாங்கு முன்னால" என்று ஆரம்பித்தார். பையன் பென்சிலை எடுத்து நோட்டின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே கேட்டான்.